சேறு குடிக்கிற ஆக்சிஜன்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

போன இதழில் நம் குமரி மாவட்டத்துப் பொழிமுகங்களைப் பற்றி, அதாவது ஆறு கடலில் சேரும் இடத்தில் மணல் குவிந்து அடைத்துக்கொள்கிற வாய்களைப் பற்றி, ஒரு பக்கம் எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், தண்ணீரை விட்டுவிட்டு அடியில் கிடக்கும் சேற்றைப் பற்றிக் கேட்டிருக்கின்றன. எனக்கு ரொம்ப சந்தோஷம். கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்த காலம் முழுக்க, விடுமுறை நாட்களில் மணக்குடிக் காயலில் வள்ளம் பிடித்துப் போய் நான் அள்ளிவந்தது அந்தச் சேற்றைத்தான். அதனால் இந்த முறை வேறு கேள்வி எதையும் எடுக்கவில்லை.

கேள்வி: டீச்சருக்கு வணக்கம். நான் வீச்சுவலை போடுகிறவன். மாசி, பங்குனியில் பொழி அடைத்துக் கிடக்கும்போது சில நாள் விடியக்காலம் நாலு, அஞ்சு மணிக்கு மடவை மீன் எல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. விடிந்தால் கொஞ்சம் செத்து மிதக்கிறது. பத்து மணிக்குப் போய்ப் பார்த்தால் ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கிறது. யாரோ விஷம் கலக்கிறார்கள் என்று ஊரில் ஒரே பேச்சு. உண்மை என்ன?
*மீனவ வாசகர், கீழ மணக்குடி*

ஐயா, நீங்கள் எழுதியிருக்கும் நேரத்திலேயே பாதி பதில் இருக்கிறது. விஷத்துக்கு விடியக்காலம், பத்து மணி என்ற கணக்குக் கிடையாது. ஆக்சிஜனுக்கு உண்டு.

பகலில் தண்ணீரிலும் சேற்றின் மேலும் இருக்கிற பாசிகள் வெயிலை வாங்கி ஆக்சிஜனை விடுகின்றன. சாயங்காலம் மூன்று, நான்கு மணிக்குக் காயலில் ஆக்சிஜன் உச்சத்தில் இருக்கும். வெயில் தாழ்ந்ததும் வரவு நின்றுவிடும், செலவு நிற்காது. மீன் சுவாசிக்கிறது, பாசியும் சுவாசிக்கிறது, தண்ணீரில் இருக்கும் நுண்ணுயிர்கள் சுவாசிக்கின்றன. இவை எல்லாவற்றோடும் சேர்ந்து சேறும் குடிக்கிறது. விடிவதற்குச் சற்று முன்னால்தான் கையிருப்பு மிகக் குறைவு. அந்த நேரத்தில் மீன், காற்றைத் தொட்டுக்கொண்டிருக்கும் மேல்படலத்துக்கு வந்து வாயைத் திறக்கிறது. வெயில் ஏறினால் மறுபடி வரவு தொடங்கிவிடும். பத்து மணிக்கு நீங்கள் பார்ப்பது அதுதான்.

சேறு எவ்வளவு குடிக்கும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நம் ஊர்ச் சூட்டில், உப்பும் நல்லதண்ணியும் கலந்த ஒரு லிட்டர் காயல் தண்ணீரில் ஆக்சிஜன் முழுதாகக் கரைந்திருந்தாலே 7 மில்லிகிராம் அளவுதான். ஒரு மீட்டர் ஆழம் என்றால், ஒரு சதுர மீட்டர் அடித்தரைக்கு மேலே நிற்கும் தண்ணீரில் மொத்தம் 7 கிராம். மக்கிய பொருள் நிறைந்த, சூடான காயல் சேறு ஒரு சதுர மீட்டருக்கு ஒரு நாளில் 1 முதல் 3 கிராம் வரை குடிக்கும். ஒரு ராத்திரிக்கு அதில் பாதி என்று வையுங்கள். ஒரு மீட்டர் தண்ணீரும் நன்றாகக் கலந்திருந்தால் இது மட்டும் மீனைக் கொல்லாது.

ஆனால் பொழி அடைத்திருக்கும்போது தண்ணீர் கலப்பதில்லை. முன்பு ஏறி வந்த கடல்தண்ணீர் அடியில் தங்கிவிடுகிறது, பழையாற்றில் வரும் நல்லதண்ணி அதன் மேல் பரவி நிற்கிறது. கடல்தண்ணீர் நல்லதண்ணியைவிடச் சுமார் இரண்டரை சதவீதம் கனம். கேட்பதற்குச் சின்ன வித்தியாசம். காற்று லேசாக வீசுகிற நாளில் அந்தச் சின்ன வித்தியாசமே மேல்தண்ணீரை அடியில் இறங்கவிடாமல் தடுத்துவிடும். அடியில் 30 சென்டிமீட்டர் உயரத்துக்கு உப்புத்தண்ணீர் தனியாக நிற்கிறது என்றால், அதில் இருப்பு 2 கிராம்தான். சேறு ஒன்றரை கிராம் குடித்தால் மிச்சம் என்ன? லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழே போனால் பெரும்பாலான மீன்கள் அங்கே நிற்காது. நிற்க வேறு இடம் இல்லாவிட்டால் சாகும்.

பொழி திறந்து, கடல் ஓதம் ஏறி இறங்கும் காலத்தில் இது நடப்பது அபூர்வம், ஏனென்றால் ஒவ்வொரு ஏற்றமும் புதுத் தண்ணீரைக் கொண்டுவந்து அடித்தரை மேல் விரிக்கிறது. அடைத்த பொழியில் அந்த உதவி இல்லை. போதாததற்கு மாசி, பங்குனி வெயில். தண்ணீர் சூடாக ஆகக் கரையக்கூடிய ஆக்சிஜன் குறையும், அதே சூட்டில் நுண்ணுயிர்களின் பசி கூடும். 10 டிகிரி ஏறினால் அவற்றின் வேகம் இரண்டு மடங்குக்குக் குறையாமல் போகும்.

விஷமா, மூச்சுமுட்டலா என்று ஊரில் முடிவு கட்ட ஒரு வழி சொல்கிறேன். ஆக்சிஜன் குறைந்தால் நண்டு தண்ணீரை விட்டுக் கரையேறும், இறால் ஓரத்துத் தண்ணீரில் வந்து ஒதுங்கும், மீன் மேலே வந்து நிற்கும். பகலில், நல்ல வெயிலில், எல்லா உயிரும் ஒரே சமயத்தில் துடித்துச் செத்தால் சந்தேகப்பட வேண்டியதுதான். எதுவாக இருந்தாலும் காலை எட்டு மணிக்கு அதிகாரிகள் வந்து மேலே மொண்டு எடுக்கும் தண்ணீரில் ஒன்றும் தெரியாது. விடியுமுன், அடித்தரைக்கு ஒரு சாண் மேலே, காற்றுக்குமிழி இல்லாமல் எடுத்த தண்ணீர் வேண்டும். உங்கள் சங்கம் மீன்வளத்துறையிடம் இதையே எழுதிக் கேளுங்கள். சண்டை போடும் நேரத்தை இதற்குச் செலவழித்தால் ஊருக்கு நல்லது.

கேள்வி: காயலில் காலை வைத்தால் சேறு மேலே செம்பழுப்பாக இருக்கிறது, கால் புதைந்து எடுத்தால் கரிக் கறுப்பு. அழுகின முட்டை நாற்றம் வேறு. எங்கள் வீட்டுப் பக்கம் தேரூர் குளத்திலும் சேறு உண்டு, அங்கே இந்த நாற்றம் இல்லை, குமிழிதான் வருகிறது. ஏன் இப்படி?
*வாசகி, தேரூர்*

கூர்ந்து பார்த்திருக்கிறீர்கள். இரண்டு இடத்தையும் பக்கத்தில் வைத்துக் கேட்டதால் பதிலும் சுலபமாகிறது.

தண்ணீரில் ஆக்சிஜன் தானாக நகர்வது மிக மெதுவாக நடக்கும். காற்றில் நகர்வதைவிடச் சுமார் பத்தாயிரம் மடங்கு மெது. அசையாத ஈரத்தில் ஒரு சென்டிமீட்டர் இறங்க ஆறேழு மணி நேரம் ஆகும். பத்து சென்டிமீட்டர் இறங்கப் பத்து மடங்கு நேரம் போதும் என்று நினைப்போம், உண்மையில் நூறு மடங்கு ஆகும். அதாவது ஒரு மாதத்தை நெருங்கும். வழியெல்லாம் நுண்ணுயிர்கள் பசியோடு காத்திருக்கின்றன. அதனால் காயல் சேற்றில் ஆக்சிஜன் இரண்டு, மூன்று மில்லிமீட்டருக்குக் கீழே தானாகப் போவதே இல்லை. அந்த மெல்லிய தோல்தான் நீங்கள் பார்த்த செம்பழுப்பு. அதில் இருக்கும் இரும்பு துருப்பிடித்த நிலையில் இருக்கிறது.

அதற்குக் கீழே உயிர் நின்றுவிடவில்லை. ஆக்சிஜன் தீர்ந்தால் நுண்ணுயிர்கள் நைட்ரேட்டைப் பயன்படுத்தும், பிறகு மாங்கனீசு, இரும்பு, அப்புறம் சல்பேட். கடல்தண்ணீர் ஒரு லிட்டரில் சல்பேட் மட்டும் 2.7 கிராம் அளவுக்கு இருக்கிறது. ஆக்சிஜனோ 6 மில்லிகிராம். நானூறு மடங்குக்கு மேல் வித்தியாசம். ஆகவே மணக்குடியில் அடிச்சேறு மக்குகிற வேலையில் பெரும்பங்கு சல்பேட்டைக் கொண்டுதான் நடக்கிறது. சல்பேட்டைப் பயன்படுத்தினால் கழிவாக வருவது ஹைட்ரஜன் சல்பைடு. முட்டை நாற்றம் அதுதான். அது இரும்போடு சேர்ந்தால் கறுப்பு.

தேரூர் குளம் நல்லதண்ணி. அங்கே சல்பேட் கொஞ்சம்தான், சீக்கிரம் தீர்ந்துவிடும். அதற்கப்புறம் மீத்தேன் விடும் நுண்ணுயிர்களின் முறை. மீத்தேனுக்கு மணமே கிடையாது, தண்ணீரில் அதிகம் கரையாது, அதனால் குமிழியாக வருகிறது. 2022-ல் சுசீந்திரம் தேரூர் ஈரநிலம் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தபோது எல்லோரும் பறவைகளைப் பற்றி எழுதினார்கள். அந்தப் பறவைகளுக்கு இரை போடுகிற சேற்றைப் பற்றிக் கேட்டு எனக்கு வந்த முதல் கடிதம் உங்களுடையது.

கேள்வி: நெல் விவசாயி. கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு போகத்துக்கும் யூரியா, டி.ஏ.பி. போடுகிறோம். வயலில் மிஞ்சுகிற உரம் பழையாற்றில் இறங்கி மணக்குடிக்குத்தான் போகும் என்கிறார்கள். நான் இரண்டு வருஷமாக உரத்தைக் குறைத்துவிட்டேன். ஆனாலும் காயலில் பாசி குறைந்ததாகத் தெரியவில்லையே?
*விவசாய வாசகர், சுசீந்திரம்*

நீங்கள் குறைத்தது வீண் போகவில்லை. பலன் தெரிய ஏன் நாளாகிறது என்பதற்குச் சேற்றுக்குள் போய்ப் பார்க்க வேண்டும். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

50 கிலோ டி.ஏ.பி. மூட்டை ஒன்றில் 9 கிலோ நைட்ரஜனும், ஏறக்குறைய 10 கிலோ பாஸ்பரஸும் இருக்கின்றன. காயலுக்குள் போன பிறகு இரண்டின் கதியும் வேறு வேறு.

முதலில் நைட்ரஜன். செத்த பாசியும் இலையும் சேற்றில் மக்கும்போது நைட்ரஜன் அம்மோனியாவாக வெளிவருகிறது. சேற்றின் மேல் தோலில் ஆக்சிஜன் இருந்தால், அங்கே இருக்கும் நுண்ணுயிர்கள் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும். அந்த நைட்ரேட் ஒரு மில்லிமீட்டர் கீழே இறங்கினால் ஆக்சிஜன் இல்லாத இடம். அங்கே வேறு நுண்ணுயிர்கள் அதை நைட்ரஜன் வாயுவாக மாற்றிக் காற்றுக்கே திருப்பி அனுப்பிவிடும். காசு செலவில்லாமல், மின்சாரம் இல்லாமல் காயல் தன்னைச் சுத்தம் செய்துகொள்கிற வழி இது. முதல் வேலைக்கு ஆக்சிஜன் வேண்டும், இரண்டாவது வேலைக்கு ஆக்சிஜன் இருக்கக் கூடாது. இரண்டும் ஒரு நெல்மணியின் நீளத்துக்குள் நடக்கின்றன. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பிரமிப்பாக இருக்கும்.

நண்டும் மண்புழு மாதிரியான கடல்புழுக்களும் சேற்றில் வளை தோண்டினால் இந்த வேலை பல மடங்கு கூடும். வளையின் சுவர் முழுக்க ஒரு செம்பழுப்புத் தோல் உண்டாகும். புழு உடம்பை அசைத்து அசைத்து மேல்தண்ணீரை உள்ளே இழுக்கிறது. ஒரு சாண் ஆழத்துக்கும் ஆக்சிஜன் போய்ச் சேர்கிறது.

மேலே தண்ணீரில் ஆக்சிஜன் தீர்ந்துவிட்டால்? அந்த மெல்லிய தோல் போய்விடும். புழு செத்துவிடும் அல்லது வெளியேறிவிடும். அம்மோனியா நைட்ரேட்டாக மாற வழியில்லை, நேராகத் தண்ணீருக்குத் திரும்பி வரும். அது பாசிக்கு உடனடி உரம். சுத்தம் செய்துகொண்டிருந்த அதே சேறு உரம் போடத் தொடங்கிவிடும்.

பாஸ்பரஸ் இன்னும் பிடிவாதமான சரக்கு. அதற்கு வாயுவாகப் போகிற வழியே கிடையாது. காயலுக்குள் வந்தது ஒன்று கடலுக்குப் போக வேண்டும், இல்லை சேற்றில் தங்க வேண்டும். ஆக்சிஜன் இருக்கும்போது துரு இரும்பு பாஸ்பேட்டை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். ஆக்சிஜன் போனால் இரும்பு கரைந்துவிடும், பிடித்து வைத்திருந்த பாஸ்பேட் தண்ணீருக்கு வந்துவிடும். உப்புக் காயலில் இன்னொரு கஷ்டமும் உண்டு. முன் பதிலில் சொன்ன ஹைட்ரஜன் சல்பைடு அந்த இரும்பைக் கவ்விக் கறுப்பாக்கி வைத்துக்கொள்கிறது. அந்த இரும்புக்குப் பாஸ்பேட்டைப் பிடிக்கும் வேலை செய்ய முடியாது.

ஆக, வருஷக்கணக்கில் மேலிருந்து இறங்கியது எல்லாம் கடை நோட்டில் ஏறிய பற்று மாதிரி சேற்றில் எழுதிக் கிடக்கிறது. இன்றைக்கு வாங்குவதை நிறுத்தினாலும் பழைய பாக்கி இருக்கும். நீங்கள் இரண்டு வருஷம் உரத்தைக் குறைத்தும் பாசி குறையாததற்குக் காரணம் அதுதான்.

பாக்கி தீர்ந்த ஊர்களும் உண்டு. அமெரிக்காவில் பாஸ்டன் துறைமுகத்துக் கதையைச் சொல்கிறேன். நகரத்துச் சாக்கடை எல்லாம் அந்த விரிகுடாவுக்குள்தான் போய்க்கொண்டிருந்தது. சாக்கடைக் கசடைக் கொட்டுவதை 1991-ல் நிறுத்தினார்கள். 2000-ல் சுத்திகரித்த நீரையும் குழாய் வழியாகக் கடலுக்குள் தூரக் கொண்டுபோய் விட்டார்கள். இடைப்பட்ட வருஷங்களில் சேற்றை அளந்துகொண்டே இருந்தார்கள். கசடு நின்ற பிறகு, இறால் குஞ்சு மாதிரியான சின்ன ஓட்டுப்பூச்சிகள் அடித்தரை முழுக்கக் குழாய் வீடு கட்டிக் குடியேறின. கோடிக்கணக்கான வளைகள். அந்த வருஷங்களில் சேறு ஆக்சிஜனைக் குடிக்கும் அளவு முன்னைவிடக் கூடியதாகவே இருந்தது. பயப்பட வேண்டிய செய்தி போலத் தோன்றும். ஆனால் பழைய கசடு எரிந்து தீர்ந்துகொண்டிருந்ததன் அடையாளம் அது. தீர்ந்த பிறகு அளவு இறங்கியது, தண்ணீருக்குத் திரும்பி வரும் உரமும் குறைந்தது. பத்துப் பதினைந்து வருஷத்துக் காரியம்.

நம் காயல் பாஸ்டனைவிடச் சூடு, அதனால் மக்கும் வேகம் அதிகம். ஆனால் மேலிருந்து வருவது நிற்க வேண்டும். விவசாயி மேல் மட்டும் பழியைப் போடுவதில் எனக்குச் சம்மதம் இல்லை. நாகர்கோவில் நகரத்துக் கழிவுநீரும் இதே பழையாற்றில்தான் இறங்குகிறது. வயலில் போடும் உரத்தில் பெரும்பகுதி நெல்லுக்குப் போகட்டும் என்றுதான் நீங்கள் போடுகிறீர்கள். கழிவுநீரில் இருப்பது முழுக்கவே ஆற்றுக்கென்று வருவது. உங்கள் பங்குக்கு ஒன்று செய்யலாம். உரத்தை ஒரேயடியாகப் போடாமல் பிரித்துப் போடுங்கள். மழை வரும் என்று தெரிந்தால் அன்றைக்குப் போடாதீர்கள். மேலுரம் போட்ட பிறகு சில நாள் மடையை அடைத்து வையுங்கள்.

கேள்வி: எங்கள் பஞ்சாயத்தில் காயலைத் தூர்வாரி, பொழியையும் ஜே.சி.பி. வைத்து வெட்டிவிட்டால் எல்லாம் சரியாகும் என்று பேச்சு நடக்கிறது. உங்கள் கருத்து?
*வார்டு உறுப்பினர், ஒரு கடலோர ஊராட்சி*

முழுக் காயலையும் தூர்வாருவதை நான் எதிர்க்கிறேன். ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

காரணம் வேதியியல்தான். கறுப்புச் சேற்றில் இருக்கும் சல்பைடும் கரைந்த இரும்பும் ஆக்சிஜனைக் கண்டால் உடனே பிடித்துக்கொள்ளும். நுண்ணுயிர்கூடத் தேவையில்லை. அடியில் அமைதியாகக் கிடக்கும்வரை அதன் மேல் தோல் மூடி காக்கிறது. எந்திரத்தால் கிளறி மேலே தூக்கினால் சில நிமிடங்களில் சுற்றியுள்ள தண்ணீரின் ஆக்சிஜனைக் காலி செய்துவிடும், கூடவே அம்மோனியாவும் வெளியே வரும். பங்குனி வெயிலில், பொழி அடைத்திருக்கும்போது, காயலைக் கிளறினால் மீன் சாவு நிச்சயம். அப்புறம் தோண்டிய பள்ளம். பள்ளத்தில் உப்புத்தண்ணீர் இறங்கி உட்கார்ந்துகொள்ளும், மேலே உள்ள தண்ணீரோடு கலக்காது. சேறு குறைந்த இடத்தில் மூச்சில்லாத குழி கிடைக்கும்.

கழிவு வந்து விழுகிற வாய்க்கால் முகத்தில் மட்டும் குவிந்த கசடை எடுக்கலாம். அதை ஆற்றில் ஓட்டம் இருக்கும் மாதங்களில் எடுக்க வேண்டும். வாய்க்காலில் கழிவு வருவதை நிறுத்தின பிறகு எடுக்க வேண்டும், இல்லையென்றால் போட்ட பணம் ஆறு மாதத்தில் மறுபடி சேறாகிவிடும்.

பொழி வெட்டுவது வேறு விஷயம், அது காலங்காலமாக நம் மீனவர்கள் செய்வது. அவர்கள் ஆற்றில் வெள்ளம் ஏறும்வரை காத்திருந்து வெட்டுவார்கள். அந்தப் பொறுமைக்கு நல்ல காரணம் உண்டு. ஓட்டம் இல்லாத நாளில் திடீரென்று வெட்டினால் முதலில் வடிவது மேலே இருக்கும் நல்ல, ஆக்சிஜன் உள்ள தண்ணீர். அடியில் இருக்கும் மூச்சில்லாத உப்புத்தண்ணீர் காயல் முழுக்க மிஞ்சும். மீனுக்கு ஒதுங்க இடம் இருக்காது. ஆஸ்திரேலியாவில் மணல் அடைக்கிற கழிமுகங்களை எந்திரம் வைத்துத் திறந்தபோது இப்படியே பெரிய மீன் சாவுகள் நடந்திருக்கின்றன. வெட்டும் நாளை முடிவு செய்யும் கூட்டத்தில் ஜே.சி.பி. ஒப்பந்தக்காரருக்கு முன்னால் வயதான மீனவர்கள் இரண்டு பேரை உட்காரவையுங்கள்.

கேள்வி: தேங்காய்க் கதம்பையை (மட்டையை) காயலில் அழுகப் போட்டுக் கயிறு திரிக்கிறோம். அதனால் தண்ணீர் கெடுகிறது என்று திட்டுகிறார்கள். கதம்பையும் மரத்தில் காய்த்ததுதானே?
*கயிறு தொழிலாளி, தேங்காப்பட்டணம் அருகே*

அக்கா, மரத்தில் காய்த்தது என்பதால்தான் சேற்றுக்கு அது சாப்பாடு. ஒரு கிலோ காய்ந்த இலையோ சருகோ முழுதாக மக்குவதற்கு 1.2 கிலோ ஆக்சிஜன் வேண்டும். அது ஏறக்குறைய 1,70,000 லிட்டர் காயல் தண்ணீரில் கரைந்திருக்கும் மொத்த ஆக்சிஜன். கதம்பை முழுதாக மக்காது, நார் உங்கள் கைக்கு வந்துவிடுகிறது. ஆனாலும் நாரை ஒட்டியிருக்கும் சதை மக்குகிறது, பழுப்புச் சாறு இறங்குகிறது, மாதக்கணக்கில் ஒரே இடத்தில் கிடக்கிறது. அந்த இடத்துச் சேற்றில் வளை தோண்டும் உயிர் எதுவும் மிஞ்சாது.

உங்கள் பிழைப்பைக் கெடுக்க நான் சொல்லவில்லை. ஓட்டம் உள்ள ஆற்றோரத்தைவிட, கரையில் தொட்டி கட்டி ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரைத் தென்னந்தோப்பில் விடுவது நல்லது. தனியாகத் தொட்டி கட்ட முடியாது என்று தெரியும். கூட்டுறவுச் சங்கம் மூலமாகப் பத்து வீட்டுக்கு ஒன்று கேளுங்கள்.

கேள்வி: நான் பிளஸ் டூ படிக்கிறேன். சேறு ஆக்சிஜன் குடிக்கிறது என்று எப்படி அளப்பீர்கள்? நாங்கள் பள்ளியில் செய்து பார்க்க முடியுமா?
*மாணவி, ராஜாக்கமங்கலம்*

முடியும் மக்களே. முதலில் நாங்கள் செய்வதைச் சொல்கிறேன்.

ஒரு முழ நீளம், முழங்கை பருமன், கண்ணாடி போலத் தெரிகிற அக்ரிலிக் குழாய். இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு அதை நேராகச் சேற்றில் அழுத்தி இறக்க வேண்டும். பாதிக் குழாய்க்குச் சேறு, பாதிக்குத் தண்ணீர். மேல் வாயை ரப்பர் அடைப்பால் இறுக்கி மூடினால் சேறு நழுவாது. பிறகு ஒரு கையால் குழாயைப் பிடித்துக்கொண்டு, மறு கையைச் சேற்றுக்குள் விட்டு அடி வாயில் இன்னொரு அடைப்பு. இந்த நேரத்தில் கை நடுங்கினால் மேல் தோல் கலங்கிவிடும், அந்தக் குழாயைக் கொட்டிவிட்டு வேறு எடுக்க வேண்டும். நன்றாக வந்த குழாயை வெளிச்சத்தில் பிடித்தால் எல்லாம் தெரியும்: ஒரு ரூபாய் நாணயத்தின் கனத்துக்குப் பழுப்புத் தோல், அடியில் கறுப்பு, அதை ஊடுருவிப் போகும் பழுப்புக் கோடாகப் புழுவின் வளை. சில சமயம் புழு தலையை நீட்டி மறுபடி உள்ளே போவதையும் பார்க்கலாம்.

குழாய்க்குள் காற்றே இல்லாமல் மூடி, உள்ளே தண்ணீரை மட்டும் மெதுவாகக் கலக்கிவிட்டு, தொடக்கத்தில் ஒரு முறையும் சில மணி நேரம் கழித்து ஒரு முறையும் ஆக்சிஜனை அளப்போம். குறைந்த அளவை, குழாயின் பரப்பாலும் நேரத்தாலும் வகுத்தால் சேற்றின் பசி தெரிந்துவிடும். பக்கத்தில் சேறே இல்லாமல் தண்ணீர் மட்டும் உள்ள குழாய் ஒன்றும் வைக்க வேண்டும். அதில் குறைவது தண்ணீரின் கணக்கு, அதைக் கழித்துவிட வேண்டும். ஒரு ஜோடியைக் கறுப்புத் துணியால் மூடி, இன்னொரு ஜோடியை வெயிலில் வையுங்கள். வெயிலில் இருப்பதில் சில சமயம் ஆக்சிஜன் கூடியிருக்கும்! சேற்றின் மேல் தோலில் கண்ணுக்குத் தெரியாத பாசிகள் இருப்பதால்தான். ஆழம் குறைந்த காயலில் வெளிச்சம் அடித்தரையைத் தொட்டால், பகலில் சேறே ஆக்சிஜன் கொடுக்கும். கீழிருந்து ஏறி வரும் அம்மோனியாவையும் பாஸ்பேட்டையும் அந்தப் பாசிகள் வழியிலேயே பிடித்துக்கொள்ளும். தண்ணீர் கலங்கி வெளிச்சம் இறங்காவிட்டால் இந்தக் காவல் போய்விடும்.

ஆக்சிஜனை அளக்க இப்போது மின்முனைக் கருவி உண்டு. உன் பள்ளி ஆய்வகத்துக்கு விங்க்ளர் முறை போதும். ஹங்கேரிக்காரரான லாயோஷ் விங்க்ளர் 1888-ல் கண்டுபிடித்தது. குமிழி இல்லாமல் நிரப்பிய குப்பியில் மாங்கனீசு சல்பேட்டும், காரத்தோடு சேர்ந்த அயோடைடும் விடுவோம். ஆக்சிஜன் இருந்தால் திரிந்த பால் மாதிரி பழுப்பாகத் திரளும். ஆக்சிஜன் இல்லாவிட்டால் அந்தத் திரள் வெள்ளையாகவே நிற்கும். விடியக்காலம் காயல் அடியிலிருந்து எடுத்த குப்பியில் வெள்ளைத் திரளைப் பார்த்தால், டைட்ரேஷன் செய்யுமுன்பே விஷயம் புரிந்துவிடும். பிறகு அமிலம் விட்டால் அயோடின் மஞ்சள், கஞ்சி விட்டால் நீலம், தயோசல்பேட் சொட்டுச் சொட்டாக விட்டு நீலம் மறையும் இடத்தைக் குறிக்க வேண்டும். அமிலத்தை ஆசிரியர் கையால் விடச் சொல்.

இதைவிடச் சுலபமான ஒன்றும் உண்டு. செர்கேய் வினோகிராட்ஸ்கி என்ற நுண்ணுயிரியல் அறிஞர் 1880-களில் செய்தது. உயரமான கண்ணாடிச் சாடியில் காயல் சேறு எடுத்து, அதில் கிழித்த செய்தித்தாளும் அவித்த முட்டையின் மஞ்சள் கருவும் பிசைந்து மூன்றில் இரண்டு பங்கு நிரப்பு. மேலே காயல் தண்ணீர். வாயை மெல்லிய பிளாஸ்டிக் தாளால் தளர்வாக மூடு, இறுக்கிக் கட்டாதே, உள்ளே வாயு உண்டாகும். ஜன்னல் ஓரம் வெளிச்சத்தில் வை, நேர் வெயில் வேண்டாம். ஆறு முதல் எட்டு வாரத்தில் அடியில் கறுப்பு, அதற்கு மேல் பச்சை, அதற்கும் மேல் ஊதா என்று பட்டை பட்டையாக நிறம் ஏறும். பச்சையும் ஊதாவும் ஹைட்ரஜன் சல்பைடை உண்டு வாழும் நுண்ணுயிர்கள். வாரம் ஒரு முறை படம் எடுத்து வை. திறக்கும்போது நாறும், அதனால் வகுப்புக்கு வெளியே வைத்துத் திற, சேற்றைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவு. பொழி அடைத்திருக்கும்போது ஒரு சாடி, திறந்த பிறகு ஒரு சாடி என்று இரண்டு செய்து பக்கத்தில் வைத்தால் இன்னும் நல்லது. படங்களை எனக்கும் அனுப்பு.